அபா லோகோவைக் கையால் வெட்டிச் செய்த எல்.பி. அட்டை

பழைய இசைத்தட்டு விற்கும் ஒருவரிடம் ஸ்வீடனின் பாப் இசைக்குழுவான அபாவின் (ABBA) 'அரைவல்' எல்.பி. கிடைத்தது. தட்டில் பெரிய கீறல் எதுவும் இல்லை. வெளி அட்டைதான் இல்லை. உள்ளே போடும் வெள்ளைக் காகித உறையோடு மட்டும் கொடுத்தார். இணையத்திலிருந்து படத்தை இறக்கி, அச்சடித்து, அட்டையில் ஒட்டிவிடலாம். எனக்கு அதில் மனம் போகவில்லை. நால்வரும் ஹெலிகாப்டருக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தைவிட, அந்தக் குழுவின் நான்கு எழுத்து லோகோவைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். அதை மட்டும் பெரிதாக வைத்து, கணினி இல்லாமல், கையால் வரைந்து, வெட்டி, வண்ணம் ஒற்றி ஓர் அட்டை செய்வது என்று முடிவு செய்தேன். அதை எப்படிச் செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

அபா லோகோ என்றதும் எல்லாருக்கும் அந்தத் திரும்பி நிற்கும் பி-தான் நினைவுக்கு வரும். செய்து பார்த்த பிறகு சொல்கிறேன், பி-யைத் திருப்புவது ஒரு நிமிட வேலை. எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளையைச் சரிக்கட்டுவதில்தான் பொழுது போகிறது. அந்த லோகோவின் அழகும் அங்கேதான் இருக்கிறது.

கொஞ்சம் வரலாறு. இந்த நால்வரின் தொடக்ககாலப் பதிவுகள் 'பியோர்ன் அண்ட் பென்னி, அக்னேத்தா அண்ட் ஃப்ரிடா' என்கிற மாதிரி நீளமான பெயரில் வந்தன. ஓர் அட்டைக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்று எழுத்து வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். அக்னேத்தா, பியோர்ன், பென்னி, ஆனி-ஃப்ரிட் (ஃப்ரிடாவின் முழுப்பெயர்) என்ற நான்கு பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து அபா ஆனது. அதே பெயரில் ஸ்வீடனில் மீன் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் குழு அந்தப் பெயரை வைத்தது. 1974-ல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் வென்றபோதும் பெயருக்கென்று நிலையான எழுத்து வடிவம் கிடையாது. திரும்பிய பி 1976-ல்தான் வருகிறது. வடிவமைத்தவர் ரூனே சொடர்க்விஸ்ட். குழுவின் பெரும்பாலான அட்டைகளைச் செய்தவர் அவரே. ஜெர்மனியின் 'பிராவோ' பத்திரிகைக்காக வொல்ஃப்காங் ஹைலமான் எடுத்த படத்தில் நால்வரும் ஆளுக்கொரு பெரிய எழுத்தைப் பிடித்து நின்றார்கள், பென்னி தன் பி-யை மாற்றிப் பிடித்திருந்தார், அதிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்றும் சொல்வதுண்டு. எப்படிப் பிறந்திருந்தாலும் சரி, 1976 அக்டோபரில் 'அரைவல்' வெளிவந்ததிலிருந்து அந்த லோகோ குழுவோடு ஒட்டிக்கொண்டது.

இனி வடிவத்துக்கு வருவோம். ஏ, பி, பி, ஏ. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. நம் சித்திரகவியில் மாலைமாற்று என்பார்களே, அந்த வகைப் பெயர். ஆனால் படிப்பில் இருக்கும் இந்தச் சமம் உருவத்தில் இல்லை. ஏ-யை நெடுக்காக நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்று படியும். பி-யை அப்படி மடிக்க முடியாது. இடப்பக்கம் நேர்த்தண்டு, வலப்பக்கம் இரண்டு வயிறு. சாதாரணமாக எழுதினால் இரண்டு பி-யும் வலப்பக்கமே பார்த்து நிற்கும். முதல் பி-யைத் திருப்பிவிட்டால் முழுச் சொல்லும் நடுக்கோட்டின் இருபுறமும் சமமாகிவிடும். கண்ணாடியில் பார்த்தாலும் அதே லோகோதான்.

இங்கே ஒரு கேள்வி வந்தது. முதல் பி-க்குப் பதில் இரண்டாவது பி-யைத் திருப்பினாலும் சமம் வரத்தானே செய்யும்? ஆமாம், வரும். அப்போது இரண்டு பி-யின் வயிறுகளும் நடுவில் மோதிக்கொள்ளும், தண்டுகள் ஏ-க்களின் பக்கம் போய்விடும். வெட்டிய காகித எழுத்துகளை மேசையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வயிறுகள் எதிரெதிரே நிற்கும்போது, மேல்வயிறும் கீழ்வயிறும் சேரும் இடுப்பில் இருபுறமும் பள்ளம் விழுந்து, சொல்லின் நட்டநடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு உட்கார்ந்துகொள்கிறது. கண் அங்கேயே போய் நிற்கிறது. சொல்லைப் படிக்க விடுவதில்லை. சொடர்க்விஸ்ட் செய்தபடி முதுகோடு முதுகாக வைத்தால் இரண்டு நேர்த்தண்டுகள் நடுவில் நிமிர்ந்து நிற்கின்றன, முழுச் சொல்லும் அதன் மேல் தாங்கி நிற்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள்: ஒவ்வொரு பி-யும் தன் பக்கத்து ஏ-யைப் பார்த்து நிற்கிறது. அக்னேத்தாவும் பியோர்னும் ஒரு ஜோடி, பென்னியும் ஆனி-ஃப்ரிடும் இன்னொரு ஜோடி. பிற்பாடு இரண்டு ஜோடிகளும் பிரிந்தார்கள். லோகோவில் மட்டும் அவர்கள் அப்படியே இருக்கிறார்கள்.

எழுத்துரு நியூஸ் காதிக், அதிலும் தடித்த வடிவம். மோரிஸ் ஃபுல்லர் பென்டன் 1908-ல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற எழுத்து வார்ப்பு நிறுவனத்துக்காகச் செய்தது. தடித்தது பிறகு சேர்ந்தது. எந்த அலங்காரமும் இல்லாத எழுத்து. பாப் இசைக்கு ஏன் இவ்வளவு சாதுவான எழுத்து என்று முதலில் தோன்றும். எழுத்து சாதுவாக இருப்பதால்தான் திருப்பியது பளிச்சென்று தெரிகிறது என்பது என் கட்சி. சுருளும் வாலுமாக இருக்கும் எழுத்தில் ஒரு பி திரும்பி நின்றால் அதையும் ஓர் அலங்காரம் என்றே கண் எடுத்துக்கொள்ளும். பின்னால் பாலிகிராம் நிறுவனம் குழுவின் பதிவுகளை வாங்கியபோது வேறு எழுத்துருவில் லோகோவைப் போட்டார்கள். அங்கும் பி திரும்பித்தான் நின்றது, ஆனாலும் அது பழையதுபோல் இல்லை. யுனிவர்சல் கைக்குப் போன பிறகு பழைய வடிவமே திரும்பி வந்தது. நல்ல காரியம்.

நியூஸ் காதிக்கைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். அதன் 1908 வடிவத்தை ஒட்டிச் செய்த நியூஸ் சைக்கிள் என்ற எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஏ-யையும் பி-யையும் பெரிதாக அச்செடுத்து எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். தடிமன் அதில் போதாது. லோகோவின் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கிராஃப் தாளில் நானே சதை பிடிக்க வைத்தேன். எழுத்தின் உயரம் 8 செ.மீ. பி-யின் தண்டு 1.6 செ.மீ. படுக்கைக் கோடுகள் 1.25 செ.மீ.தான். நெடுக்கும் படுக்கையும் ஒரே அளவில் இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஸ்கேலில் ஒன்றாக இருக்கும், கண்ணுக்குப் படுக்கைக் கோடு தடித்துத் தெரியும். போர்டு எழுதுகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

பி-யின் உடம்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். இடுப்பு சரிபாதியில் இல்லை, கொஞ்சம் மேலே இருக்கிறது. மேல்வயிறு சின்னது, உள்வாங்கியது. கீழ்வயிறு 3 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. வயிற்றின் புறவளைவு ஒன்று, அகவளைவு வேறு. உள்ளே இருக்கும் வெள்ளைக் குழி, தண்டின் பக்கம் நேராகவும் மறுபக்கம் உருண்டும் இருக்கிறது. இரண்டு வயிறும் இடுப்பில் சேரும் மூக்கில் கறுப்பு அப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அங்கே புறத்திலிருந்து பள்ளத்தை ஒரு மி.மீ. கூடுதலாக உள்ளே வெட்டினால்தான் எழுத்து மூச்சு விடுகிறது. ஏ-யிலும் இதே கதைதான்: இரண்டு கால்களும் உச்சியில் சேரும் இடம் கனத்துப்போகும். உள்முக்கோணத்தின் முனையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கனத்தைக் குறைத்தேன். ஏ-யின் குறுக்குக்கோட்டைப் பி-யின் இடுப்போடு ஒரே மட்டத்தில் வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள். ஏ-க்கு அது மிகவும் மேலே போய், உள்முக்கோணம் பொடிசாகிவிடும். கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் அதன் இடம்.

ட்ரேசிங் பேப்பரில் ஒரே ஒரு ஏ, ஒரே ஒரு பி. அவ்வளவு வரைந்தால் போதும். பி-யைத் திருப்பும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும்: புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல் இடவலமாகப் புரட்ட வேண்டும். சுற்றித் திருப்பினால் தலைகீழாகி, பெரிய வயிறு மேலே வந்துவிடும். பார்த்தவுடன் பிடிபடாது, ஆனால் எழுத்து ஏனோ முன்னால் கவிழ்வதுபோலத் தோன்றும். திரும்பிய பி வைத்த சில சுவர் எழுத்துகளில் இந்தக் கோளாறைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இடைவெளி. நான்கு எழுத்தையும் கறுப்புத் தாளில் வெட்டி, வெள்ளை அட்டைமேல் நகர்த்தி நகர்த்தி வைத்தேன். எல்லா இடைவெளியும் 4 மி.மீ. என்று ஸ்கேல் வைத்து அடுக்கினால் சொல் மூன்று துண்டாகத் தெரிகிறது: ஓர் ஏ, ஒட்டிப்போன இரண்டு பி, இன்னோர் ஏ. காரணம் எளிது. ஏ-யின் கால் அடியில்தான் பி-க்குக் கிட்டே வருகிறது. மேலே போகப் போக விலகி, பி-யின் மேல்வயிற்றுக்கும் அதற்கும் நடுவே பெரிய வெள்ளை முக்கோணம் திறந்துகொள்கிறது. நடுவில் இரண்டு தண்டுகளோ அடி முதல் முடி வரை ஒரே இணை. அங்கே 4 மி.மீ. என்றால் மொத்தமும் 4 மி.மீ.தான். எனவே கண் அளப்பது தூரத்தை அல்ல, அங்கே தேங்கி நிற்கும் வெள்ளையின் பரப்பை.

அதனால் வெளி இடைவெளிகளை இறுக்கினேன். பி-யின் கீழ்வயிறு அடிக்கோட்டுக்கு வரும்போது உள்ளே வளைந்துவிடுகிறது. ஏ-யின் பாதம் அந்த வளைவுக்குள் சற்று நுழைந்துகொள்ள இடம் இருக்கிறது. அங்கே 2 மி.மீ. விட்டேன். நடுவில் 4, 6, 8 என்று வைத்துப் பார்த்தேன். 4-ல் இரண்டு தண்டும் சேர்ந்து ஒரே தடித்த கட்டையாகிவிடுகிறது, பத்தடி தள்ளி நின்றால் வெள்ளையே தெரியவில்லை. 8-ல் சொல் பிளந்து இரண்டு ஜோடியாகப் பிரிகிறது. 6-ல் நின்றேன். தண்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் சொல் முழுவதும் ஒரே சாம்பல் நிறத்தில் கலங்க வேண்டும். எங்காவது கறுப்புத் திட்டு தனியாகத் தெரிந்தால் அந்த இடத்தில் இன்னும் வேலை பாக்கி என்று அர்த்தம்.

இவ்வளவு இறுக்கமான இடைவெளி அந்தக் காலத்துக்கே உரியது. ஈய எழுத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டையின் மேல் இருக்கும்; கட்டையும் கட்டையும் முட்டிய பிறகு, அரத்தால் ராவினால் ஒழிய இன்னும் நெருக்க முடியாது. ஏ-யின் சரிவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஓட்டை இருக்கும். படச்சுருளில் எழுத்துக் கோக்கும் முறையும், தேய்த்து ஒட்டும் லெட்ராசெட் தாள்களும் பரவிய பிறகுதான் எழுத்துகளை இஷ்டம்போல நெருக்க முடிந்தது. 1970-களின் அட்டைகளிலும் விளம்பரங்களிலும் எழுத்துகள் தோளோடு தோள் உரசி நிற்பதற்கு இதுதான் காரணம். 1908-ன் பத்திரிகை எழுத்து 1976-ல் இளமையாகத் தெரிவதில் இந்த நெருக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இடைவெளி முடிவானதும் நடுக்கோட்டில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். பாதிச் சொல்லும் அதன் பிம்பமும் சேர்ந்து முழு லோகோவாகத் தெரிய வேண்டும். தெரிந்தது. ஒரு நுணுக்கம் இங்கே வெளிப்பட்டது. ரோமன் எழுத்து மரபில் ஏ-யின் இடக்கால் மெலிந்தும் வலக்கால் தடித்தும் இருக்கும். பட்டைப் பேனாவில் எழுதிய காலத்துப் பழக்கம். நியூஸ் காதிக் போன்ற எழுத்தில் இந்த வித்தியாசம் மிகக் குறைவு என்றாலும் இரண்டு ஏ-யையும் ஒரே மாதிரி வைத்தால் கண்ணாடிச் சமம் முழுமையாக வராது. நான் இரண்டு கால்களையும் ஒரே தடிமனாக்கிவிட்டேன். முதல் ஏ-யையும் புரட்டிப் போட்டு, தடித்த கால்கள் இரண்டையும் வெளிப்பக்கமாக நிறுத்தலாம். அதுவும் ஒரு வழிதான். என் கண்ணுக்கு அப்போது சொல் ஓரங்களில் கனத்தது.

வெட்டும் வேலைக்கு வண்டி நம்பர் பிளேட் செய்யும் கடையிலிருந்து மேட் ரேடியம் ஷீட் வாங்கினேன். மெஷினில் கொடுத்தால் அவர்களே வெட்டித் தருவார்கள். நான் கட்டரால் வெட்டினேன். வரைந்ததை ஷீட்டுக்கு மாற்றுவதில் இந்த லோகோ ஒரு சலுகை தருகிறது. சாதாரணமாகப் பென்சில் பக்கத்தைக் கீழே வைத்துத் தேய்த்தால் எழுத்து இடவலம் மாறி இறங்கும், அதனால் பின்பக்கம் ஒருமுறை வரைந்துகொள்ள வேண்டும். இதில் மாறி இறங்கினாலும் அதே லோகோ. 4பி பென்சிலால் அழுத்தி வரைந்து, கவிழ்த்து வைத்து, ஸ்பூனின் முதுகால் தேய்த்தேன். கோடு மங்கலாக இறங்கியது, போதும்.

நேர்க்கோடுகளுக்கு ஸ்டீல் ஸ்கேல். வளைவுகளுக்குக் கையை அசைக்காமல் ஷீட்டைத்தான் சுற்ற வேண்டும். மேல் ரேடியம் மட்டும் வெட்டுப்பட வேண்டும், அடியிலுள்ள மெழுகுத்தாள் வெட்டுப்படக் கூடாது. புதுப் பிளேடாக இருந்தால் கையின் கனமே போதும். வளைவையும் நேர்க்கோட்டையும் சேரும் மூலையில் நிறுத்தாமல் இரண்டையும் அரை மி.மீ. தாண்டி வெட்டினால் மூலை சுத்தமாக உரியும்.

சாதாரண அட்டை ஸ்டென்சிலில் ஏ, பி போன்ற எழுத்துகளுக்கு ஒரு தொல்லை உண்டு. உள்ளே இருக்கும் குழிகள் தனித் தீவுகள். ஏ-க்கு ஒன்று, பி-க்கு இரண்டு, ஆக மொத்தம் 6. அவை விழாமல் இருக்கப் பாலம் விட வேண்டும், பாலம் விட்டால் எழுத்து சரக்குப் பெட்டியின் மேல் அச்சடித்தது போலாகிவிடும். ஒட்டும் ஷீட்டில் பாலம் தேவையில்லை. வெட்டிய ஷீட் முழுவதன் மேலும் அகல மாஸ்கிங் டேப்பை ஒட்டி, மெழுகுத்தாளை உரித்து, அப்படியே அட்டையில் படிய வைத்து, டேப்பை மட்டும் எடுத்துவிட்டால் எல்லாமே இடம் மாறாமல் நிற்கும். அப்புறம் ஊசியால் எழுத்தின் உடம்பை மட்டும் கிளப்பி எடுக்கலாம். தீவுகள் ஆறும் அங்கேயே இருக்கும்.

அட்டை, அச்சகத்தில் கிடைக்கும் டியூப்ளெக்ஸ் போர்டு. ஒரு முகம் 31.5 செ.மீ. சதுரம், இரண்டு முகம், நடுவில் 4 மி.மீ. முதுகு, மேலும் கீழும் ஒட்டுவதற்கு ஒன்றரை செ.மீ. மடிப்பு. மடிக்கும் கோடுகளை மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கீறிக்கொண்டு, பிறகே கருநீல அக்ரிலிக் பூசினேன், மெல்லிதாக இரண்டு கை. பூசிய அட்டை வளையும். ராத்திரி முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் இருக்கட்டும்.

ரேடியத்தின் பசை அட்டையின் மேல்தோலை உரித்துவிடக் கூடும். அதனால் அட்டையில் ஒட்டுமுன் ஒரு பருத்தி வேட்டியில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. ஒட்டியதும் நேராக வெள்ளையை எடுக்காமல், அதே கருநீலத்தை ஸ்பாஞ்சால் எழுத்தின் ஓரமெல்லாம் ஒற்றினேன். ஷீட்டின் அடியில் எங்காவது கசிய இடம் இருந்தால் நீலம் போய் அந்த இடுக்கை அடைத்துவிடும்; நீலத்தில் நீலம் தெரியாது. அது காய்ந்த பிறகு வெள்ளை. தண்ணீர் சேர்க்காமல், ஸ்பாஞ்சை ஒரு காகிதத்தில் தட்டி ஈரத்தைக் குறைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாகக் குத்திக் குத்தி ஒற்ற வேண்டும். கருநீலத்தின் மேல் வெள்ளை முதல் கையில் நிற்காது, பொறுமை வேண்டும். கடைசிக் கை முழுதாகக் காயுமுன்பே, ஷீட்டைப் பின்னால் மடக்கினாற்போல மெதுவாக உரித்தேன். முழுதாகக் காய்ந்த பிறகு உரித்தால் வண்ணமும் தோலாகக் கூடவே வரும். தீவுகளைக் கடைசியில் ஊசியால் எடுத்தேன். விளிம்புகள் கத்தி வெட்டாக வந்தன. பி-க்களின் நடுவே அந்த 6 மி.மீ. கருநீலக் கோடு அடி முதல் முடி வரை ஒரே சீராக ஓடுவதைப் பார்க்க அத்தனை சந்தோஷமாக இருந்தது.

லோகோ இசைக்குழுவின் சொத்து. வீட்டு அலமாரிக்குச் செய்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விற்க வேண்டாம்.

கடைசியாக முதுகு. அலமாரியில் நிற்கும்போது அதுதான் வெளியே தெரியும். 4 மி.மீ. அகலத்தில் எழுத்து இரண்டரை மி.மீ. உயரம்தான் வரும்; அதைக் கையால் செய்ய முடியாது என்பதால் மட்டும் கணினிக்குப் போனேன். முகப்பில் உள்ளதையே சுருக்கினால் நடு இடைவெளி 0.2 மி.மீ.கூட இருக்காது, பிரிண்டர் மையிலேயே மூடிவிடும். பி-யின் குழிகளும் அடைபடும். அதனால் முதுகுக்கென்று தனியாக ஒன்று வரைந்தேன்: தண்டுகளைக் கொஞ்சம் மெலிதாக்கி, குழிகளைப் பெரிதாக்கி, நடு இடைவெளியைத் தண்டின் தடிமனில் பாதியாக்கினேன். பெரிதாக்கிப் பார்த்தால் முகப்பில் உள்ளதைவிடத் தொளதொளவென்று இருக்கும். அலமாரியிலிருந்து நாலடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே லோகோ.